ரீசேட் அடித்தால் அணி ஆகிவிடாது

மாரி தொடங்க முன்னம் எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி. "புதுசா அனர்த்தக் குழு அமைச்சிருக்கிறம் சேர், அரை நாளில ஒரு பயிற்சி தாங்கோ." போனால் ரீசேட், இலச்சினை, கோஷம் எல்லாம் தயார். கடைசியாகப் போன முல்லைத்தீவுக் கிராமத்தில் ரீசேட் நிறத்துக்கே இரண்டு கூட்டம் வைத்திருக்கிறார்கள். உயிர்காப்பு அங்கிகள் அறையில் பூட்டிக் கிடந்தன. திறப்பு தலைவரிடம், தலைவர் வவுனியாவில்.

"ஒரு படை மாதிரி இருக்கவேணும்" என்கிறார்கள். சரி, படையையே பார்ப்போம். 2019 டிசம்பர் 20 அன்று அமெரிக்கா விண்வெளிப் படையைத் தனிப் படையாக்கியது. 1947இல் விமானப் படை பிரிந்தபின் அங்கே உருவான முதல் புதுப் படை அது. அடுத்த மாதமே சீருடைப் படம் வெளிவர, விண்வெளியில் காட்டுநிறம் எதற்கு என்று ஊரெல்லாம் சிரித்தது. இருக்கிற சீருடையைப் போட்டால் புதிது வடிவமைக்கும் செலவு மிச்சம் என்றார்கள். எனக்குப் பிடித்த பதில். வீரர்களுக்குக் 'கார்டியன்' என்ற பெயர்கூட ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. அதற்கு முன்பே இடையிலிருந்த கட்டளை அடுக்குகளைக் குறைத்து, 'டெல்டா' என்ற அலகுகளை அமைத்துவிட்டார்கள்.

அங்கே தொடக்கத்தில் பெரும்பாலானோர் விமானப் படையிலிருந்து வந்தவர்கள். பழைய பழக்கமும் கூடவே வரும். இங்கேயும் அதே கதைதான். கோயில் சபையில் இருப்பவர்தான் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும், அனர்த்தக் குழுவிலும். ஒத்திகையில் ஒரு பொடியன் கேட்டான்: "குளத்தில மிச்சத் தண்ணி வழியிற வான் பக்கம் தண்ணி ஏறினா முதல்ல ஆருக்குச் சொல்லுறது அண்ணை?" "அதை நாங்கள் பாப்பம், நீ இரு" என்றார் அந்தச் சபைக்காரர்களில் ஒருவர். பிறகு அவன் வாயே திறக்கவில்லை. அந்தக் குழுவின் கலாசாரம் அதுதான் ஐயா! சுவரில் ஒட்டிய கோஷம் இல்லை, உறுதிமொழி இல்லை, நான் வந்து காட்டும் படங்களும் இல்லை. கேள்வி கேட்டவனுக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பழகுகிறார்கள்.

2018 டிசம்பரில் முல்லைத்தீவில் வந்த வெள்ளத்தில் கூட்டம் கூட்டி முடிவெடுக்க நேரம் இருந்ததா?

திறப்பை மூன்று பேரிடம் கொடுங்கள். தவறான தகவல் சொன்னவரையும் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை சரியான தகவலும் வராது. எந்த வீட்டில் படுக்கையில் முதியவர் இருக்கிறார் என்பது பெண்களுக்குத்தான் தெரியும். தயவுசெய்து அவர்களைத் தேநீரோடு நிறுத்தாதீர்கள். குறை சொன்னவருக்கே முதல் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

குழுவில் ஆக இளையவர், தலைவரைக் கேட்காமல் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாமா? முதலில் அதை முடிவெடுத்துக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். பிறகு என்னைக் கூப்பிடுங்கள்.