கப்பலில் தீக்காயமா? பழி யார்மேல் என்று தெரியும்வரை இழப்பீடு காத்திருக்க வேண்டியதில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி பேஹெட் துறைமுகப் பகுதியில் கப்பல் பழுதுபார்க்கும் வெல்டர். தீப்பொறி விழுந்து எண்ணெய்த் துணி பற்றியதில் வலது கை முழங்கைவரை வெந்துபோனது. கட்டுப் போட்டுப் படுத்திருந்தவனிடம் ஒரு தாளை நீட்டினார்கள்: "என் கவனக்குறைவால் நடந்தது, கம்பெனியிடம் எதுவும் கேட்க மாட்டேன்." இடது கையால் கிறுக்கிக் கொடுத்துவிட்டான். "வெல்டிங் டார்ச் என் கையிலதானே இருந்திச்சு, அக்கா" என்றான்.

அந்தத் தாள் செல்லாது. வேலையில் காயம் பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு 130ஆம் எண் சட்டம், பெரியவர்கள் 'ஒர்க்மென்ஸ் காம்ப்' என்றும் இப்போது 'கொய்டா' என்றும் சொல்வது, உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தத்தையும் செல்லாததாக்குகிறது. வேலையில் காயம் பட்டதா என்பதுதான் கேள்வி. யார் தவறு என்பதல்ல. வேண்டுமென்றே செய்த பெருந்தவறுக்கு மட்டுமே விலக்கு. அப்போதுகூட ஊனம் கடுமையானதாக இருந்தால் பணம் உண்டு. கைதவறியது பெருந்தவறு ஆகாது.

பழி எப்போதும் கடைசி ஆளைத் தேடித்தான் ஓடுகிறது. அமெரிக்கப் போர்க்கப்பல் போனோம் ரிச்சர்ட் 2020 ஜூலை 12 அன்று சான் டியேகோ துறையில் பராமரிப்பில் இருந்தபோது தீப்பிடித்து, நான்கு நாளுக்கு மேல் எரிந்தது. தீவைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஓர் இளம் மாலுமி. 2022 செப்டம்பரில் விடுதலையானார். கடற்படையின் சொந்த அறிக்கையோ, அதற்கு முந்தைய ஆண்டே, அட்மிரல்கள் உட்பட 36 பேரின் பொறுப்பைச் சொன்னது. கப்பலின் தீயணைப்பு நிலையங்களில் பெரும்பாலானவை இயங்கும் நிலையில் இல்லை. தீயணைக்கும் நுரையைத் திறக்கும் பொத்தானை யாரும் அழுத்தவே இல்லை.

நம்மவர் செய்ய வேண்டியது: காயத்தை உடனே முதலாளியிடம் சொல்லுங்கள். அவர் 7 நாளுக்குள் இழப்பீட்டு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு, கிடைக்கும்; முதல் மூன்று மாதம் முதலாளியே கொடுத்துவிட்டு அரசின் இழப்பீட்டு நிதியத்திடம் திரும்பப் பெறுவார். ஓய்வு மூன்று நாள் அல்லது அதற்குக் குறைவு என்றால் இந்தத் தொகை இல்லை. முதலாளி பதிவே செய்யாதவர் என்றாலும் உங்கள் உரிமை போகாது.

தவறு யாருடையது என்பது இரண்டு இடத்தில்தான் பணமாகிறது. முதலாளியின் அலட்சியம் காரணமென்றால், விபத்து நடந்து 24 மாதத்துக்குள் ஆணையரிடம் கூடுதல் இழப்பீடு கேட்கலாம். முதலாளிமேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் கப்பல் உரிமையாளரோ வேறொரு ஒப்பந்தக்காரரோ காரணமென்றால் அவர்மேல் போடலாம். பழுதுபார்க்கும் கப்பலில் நாலு கம்பெனி ஆட்கள் ஒரே தளத்தில் வேலை செய்கிறார்கள். அன்று பயர் வாட்ச் (வெல்டிங்கின்போது தீப்பிடிக்கிறதா என்று காவல் நிற்பவர்) யார், குழாயில் தண்ணீர் வந்ததா, யார் வெல்டிங்குக்கு அனுமதி எழுதினார் என்பதை நினைவு மங்குவதற்குள் குறித்து வையுங்கள்.

கையெழுத்து வாங்கிய தாளைக் கிழித்துப் போடாதீர்கள். நகல் இருந்தால் மனுவோடு சேருங்கள். எப்போது, எந்த நிலையில் வாங்கினார்கள் என்று அதிலேயே தேதி இருக்கும்.