“அவன்தான் சார் முதல்ல கை ஓங்குனான்”

சேலம் நீதிமன்றத்தில் அடிதடி வழக்கு நடத்தும் என்னைப் போன்ற வக்கீல்களுக்கு இந்த வரி மனப்பாடம். வாழப்பாடிப் பக்கம் இரண்டு பங்காளிகள். இருவர் மரவள்ளிக்கும் ஒரே கூட்டுக் கிணறு. முறைத் தண்ணீர்த் தகராறு முற்றி ஒருவர் மண்வெட்டியோடு பாய்ந்தார். என் கட்சிக்காரர் தடியால் தடுத்தார். அதுவரை சட்டம் அவர் பக்கம்தான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியவரைத் துரத்திப் போய்க் காலை உடைத்தாரே, அங்கேதான் கெட்டது. ஆபத்து விலகியதும் தற்காப்பு உரிமையும் விலகிவிடும்.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆவது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 99, இன்னும் இரண்டு பார்க்கச் சொல்கிறது. போலீசிடம் போக நேரம் இருந்ததா? தேவைக்கு மேல் அடித்தாயா?

போர்ச் செய்தி வரும் நாட்களில் அஸ்தம்பட்டி டீக்கடையில் “ஒரே போடாப் போடணும்” என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கேள்விகள்தான் ஞாபகம் வரும். நாடுகளுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். 1945-இன் ஐ.நா. சாசனம் இன்னொரு நாட்டின்மீது படைபலம் காட்டுவதையே தடுக்கிறது. விலக்கு இரண்டு: ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காப்பு, இல்லையென்றால் பாதுகாப்பு சபையின் அனுமதி. தற்காப்பில் இறங்கியவரும் உடனே சபைக்குத் தெரிவிக்க வேண்டும்.

1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் குவைத்துக்குள் நுழைந்தது. சபை நவம்பரில் 678-ஆவது தீர்மானம் போட்டு, ஜனவரி 15 வரை கெடு கொடுத்தது. கெடு தாண்டிய பிறகுதான் கூட்டுப் படை தாக்கியது. 2003-இல் அதே இராக்மீது போனபோது அப்படியொரு தீர்மானம் இல்லை. இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்களும் கிடைக்கவில்லை. என் கணிப்பில் முதலாவது தடுத்த அடி. இரண்டாவதில் எதிராளி கையே ஓங்கவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரே எதிராளியாக உட்கார்ந்திருந்தால் எங்கே போவது? 2022 பிப்ரவரியில் உக்ரைன் விவகாரத்தில் தனக்கு எதிராகப் பாதுகாப்பு சபைக்கு வந்த தீர்மானத்தை, அங்கே நிரந்தர உறுப்பினரான ரஷ்யாவே வீட்டோ, அதாவது தடுப்பு ஓட்டு, போட்டு நிறுத்தியது. அப்போது அடிபட்டவனுக்கு மிஞ்சுவது தற்காப்பு மட்டும்தான்.

சரி, வாழப்பாடி வழக்கு முடிந்தது. தீர்ப்பு யாருக்கும் தண்ணீர் பிரித்துக் கொடுக்கவில்லை. அடுத்த கோடையில் மறுபடி தடி எடுத்திருப்பார்கள். அதற்குமுன் இருவரையும் உட்காரவைத்து நாள்முறை எழுத எங்களுக்கு நாலு மாதம் பிடித்தது; வழக்கைவிட அதுதான் கஷ்டம். சிந்து நதி நீரைப் பிரிக்க இந்தியாவும் பாகிஸ்தானும் உலக வங்கியை நடுவில் வைத்து வருடக்கணக்கில் பேசி 1960-இல் ஒப்பந்தம் போட்டன. 1965, 1971, 1999 சண்டைகளிலும் அது அறுந்துவிடவில்லை. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகுதான் இந்தியா அதை நிறுத்தி வைத்தது.

வாழப்பாடிக் கிணற்று மோட்டார் ரூமில் இப்போது ஒரு நோட்டு தொங்குகிறது. யார், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்று அதில் இருக்கும். பங்காளிகள் இன்னும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. நோட்டில் மட்டும் கையெழுத்துப் போடுகிறார்கள்.