எஸ்எஸ்பி-யில் தரும் பிஐக்யூ படிவம்: எதற்குக் கேட்கிறார்கள், எப்படி எழுதுவது?

வேலூர் பக்கம் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். ஆனால் சிப்பாயாகச் சேரும் வழி வீட்டுக்கு வீடு தெரிந்திருக்கிற அளவுக்கு, ஆபீசராகச் சேரும் வழி தெரிவதில்லை. என்டிஏ என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமியின் எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் என்றால், அதன்பின் எஸ்எஸ்பி என்ற தேர்வு வாரியத்துக்கும் 900. அங்கே நாம் நிரப்பித் தரும் விவரப் படிவம்தான் பிஐக்யூ.

பார்த்தால் ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரிதான் இருக்கும். பிறந்த ஊர், அதிக காலம் வாழ்ந்த ஊர், அதன் மக்கள்தொகை, பெற்றோரின் படிப்பு, தொழில், வருமானம், உடன்பிறந்தவர்கள். அப்புறம் பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண், பயிற்று மொழி, விளையாட்டு, பொழுதுபோக்கு, என்சிசி, வகித்த பொறுப்புகள், இதற்கு முன் எத்தனை முறை எஸ்எஸ்பி போனீர்கள் என்பது வரை. இந்தப் படிவத்துக்குத் தனியாக மதிப்பெண் கிடையாது. அதனால்தான் பலர் அவசரமாகக் கிறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பேட்டி எடுக்கும் அதிகாரி இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார். ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து கேள்விகளை அடுக்கி, "இப்போது வரிசையாகச் சொல்" என்பார். உளவியலாளரும் இதைப் பார்ப்பார். உளவியலாளர் நாம் எழுதியதை வைத்தும், பேட்டி அதிகாரி நாம் பேசியதை வைத்தும், குழுப் பணி அதிகாரி நாம் மைதானத்தில் செய்ததை வைத்தும் எடைபோடுவார்கள். மனம், வாக்கு, செயல் என்று மூன்றும். கடைசி நாள் கூடும் வரை மூவரும் தங்கள் மதிப்பீட்டைப் பகிர்வதில்லை. படிவத்தில் ஒன்று, உளவியல் தேர்வில் எழுதும் கதையில் ஒன்று, பேச்சில் ஒன்று என்றால் அங்கே பிடிபடும்.

வெறும் பேட்டியை நம்பி ஆபீசர்களை எடுத்தது சரிப்படாமல் பிரிட்டிஷ் ராணுவம் 1942-ல் இந்த வாரிய முறைக்கு மாறியது. 1943-ல் டேராடூனில் ஒரு சோதனை வாரியம் அமைந்தது. அந்த வழியில் வந்ததுதான் டெல்லியில் உள்ள, டிஆர்டிஓ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் உளவியல் ஆய்வு நிறுவனம்.

சரி, நம் ஊர்க்காரர்கள் தடுமாறும் இடம் படிவத்தின் முதல் பகுதியிலேயே இருக்கிறது: மாவட்டம். 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டை. பழைய சான்றிதழில் வேலூர் என்று இருக்கும். (தாத்தாவின் பத்திரத்தில் வட ஆற்காடு என்றே இருக்கும், அது வேறு கதை.) இன்றைய மாவட்டத்தை எழுதுங்கள், கேட்டால் பிரிந்த விவரத்தைச் சொல்லுங்கள்.

கிராமத்துப் பையன் சும்மா கெத்துக்காக "வேலூர் நகரம்" என்று எழுதுவதும் உண்டு. வேண்டாம். எந்த ஊரை எழுதுகிறோமோ அதைப் பற்றித்தான் துருவுவார்கள். பாலாறு எங்கே தொடங்குகிறது, ஏன் வறண்டு கிடக்கிறது, தோல் கழிவுக்கு நீ என்ன செய்வாய் என்று போகும். சொந்த ஊரானால் வாய் தானாகப் பேசும். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார் என்றாலும், தமிழ் வழியில் படித்தேன் என்றாலும் அப்படியே எழுதுங்கள். அதை வைத்து யாரையும் கழிப்பதில்லை. பொழுதுபோக்கில் "வாசிப்பு" என்று போட்டுவிட்டு, கடைசியாகப் படித்த புத்தகத்தின் பெயர் வராமல் முழிப்பதுதான் ஆபத்து.

வீட்டிலேயே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். அம்மாவின் படிப்பு, குடும்ப வருமானம், மதிப்பெண் சதவீதம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; எஸ்எஸ்பி-க்காக பெங்களூரு போய்ச் சேர்ந்தபின் போனில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. என்டிஏ மாதிரி எந்த வகைத் தேர்வு வழியாகப் போகிறோமோ, அந்த வகைக்கு முதல்முறை எஸ்எஸ்பி போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். காட்பாடியில் ஏறிய டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.