நலத்திட்டச் சீர்திருத்தத்தின் பலனை எப்போது அளப்பது?

அமெரிக்காவின் ஏதோவொரு மாநிலம், ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் நலத்தொகையின் விதிகளை மாற்றிய சில ஆண்டுகளில், "உதவி பெறும் குடும்பங்கள் பாதியாகக் குறைந்தன" என்று அறிவித்தால், அதைச் சீர்திருத்தத்தின் வெற்றிக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம் என்றே மதிப்பீட்டுத் துறையில் பணிபுரியும் நான் முதலில் சொல்வேன். 1994இல் 50 லட்சமாக இருந்த அந்நாட்டுப் பயனாளிக் குடும்பங்கள் 2000க்குள் பாதிக்கும் கீழே இறங்கியது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் வேலைவாய்ப்பு பெருகியது, குறைந்த ஊதியக்காரர்களுக்கான வரிச்சலுகை 1993இல் விரிவாக்கப்பட்டது, 1996ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டரசு நிதியிலான உதவிக்கு ஐந்தாண்டு வரம்பு விதித்தது. இவற்றில் எதனால் எவ்வளவு குறைந்தது என்பதை முன்பின் ஒப்பீடு பிரித்துக் காட்டாது. தவிர, பட்டியலை விட்டு வெளியேறிய குடும்பம் எப்படிப் பிழைக்கிறது என்பதும் அந்த எண்ணிக்கையில் இல்லை.

ஆகவேதான், குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரைப் புதிய விதிகளிலும் மற்றவர்களைப் பழைய விதிகளிலும் வைத்து ஒப்பிடுகிறோம். இதிலும் எப்போது அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். நலத்தொகை பெறுபவர்களை வேலைக்குக் கொண்டுசெல்லும் கலிபோர்னியாவின் 'கெய்ன்' திட்டத்தில், கிடைத்த வேலையில் உடனே சேருமாறு வலியுறுத்திய ரிவர்சைடு கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) ஒற்றைப் பெற்றோர் மூன்றாண்டுகளில் ஈட்டிய ஊதியம், ஒப்பீட்டுக் குழுவினருடையதைவிட 49 விழுக்காடு அதிகமாக இருந்தது. அந்த எண் பல மாநிலங்களின் கொள்கையையே திசைதிருப்பியது. ஒன்பதாண்டுத் தரவுகளைக் கொண்டு 2006இல் வெளியான மறு ஆய்விலோ, கல்விக்கும் பயிற்சிக்கும் முதலிடம் தந்த கவுண்டிகளைவிட ரிவர்சைடு பெற்றிருந்த முன்னிலை காலப்போக்கில் மறைந்துவிட்டது. நிதி ஒதுக்குபவர்களின் பொறுமை பெரும்பாலும் மூன்றாண்டோடு தீர்ந்துவிடுகிறது. பயிற்சியின் பலனோ அதற்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது.

கனெக்டிகட்டின் 'ஜாப்ஸ் ஃபர்ஸ்ட்' திட்டம் இதை வேறொரு விதத்தில் உணர்த்துகிறது. ஆய்வு நடந்த காலத்தில், வறுமைக்கோட்டை எட்டும்வரை ஊதியம் ஈட்டினாலும் முழு உதவித்தொகையும் தொடர்ந்தது. ஆனால் விலக்கோ நீட்டிப்போ பெறாதவர்களுக்கு 21 மாதங்களில் அது நின்றுவிட்டது. வரம்புக்கு முன் அளந்தால் குடும்ப வருமானம் தெளிவாக உயர்ந்திருந்தது. நான்காண்டு முடிவில் இரு குழுக்களின் சராசரி வருமானத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்தச் சராசரிக்குள்ளும் சிலர் மேலேறியிருக்கலாம், சிலர் சரிந்திருக்கலாம் என்பதால், வருமானப் படிநிலைகளைத் தனித்தனியே பார்க்காத அறிக்கையை நான் முழுமையானதாக ஏற்பதில்லை.

வருமானத்தைத் தாண்டிய விளைவுகளுக்கு இன்னும் நீண்ட காலம் தேவை. 1994இல் புளோரிடாவின் எஸ்காம்பியா கவுண்டியில் கால வரம்புடன் தொடங்கிய திட்டத்தின் பங்கேற்பாளர்களை 2011 வரையிலான இறப்புப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தபோது, புதிய விதிகளுக்கு உட்பட்டவர்களின் இறப்பு விகிதம் 16 விழுக்காடு அதிகமாக இருந்ததாக 2013இல் வெளியான ஆய்வு கூறியது. கனெக்டிகட்டில் செய்யப்பட்ட அதே வகை ஆய்வில் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே கால வரம்பு உயிரைக் குடிக்கிறது என்று முடிவுகட்டுவது அவசரம். அந்தக் கேள்வியைக் கேட்காமலே விடுவது அதைவிடப் பெரிய தவறு.

நீண்டகால எண்களைப் படிப்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு: ஆய்வுக் காலம் முடிந்ததும் ஒப்பீட்டுக் குழுவினரும் நடப்பிலுள்ள புதிய விதிகளின் கீழ் வந்துவிடுவார்கள். பதினைந்து ஆண்டு கழித்து அளக்கப்படும் வேறுபாடு, சீர்திருத்தம் இருந்ததற்கும் இல்லாததற்கும் இடையிலானது அன்று. சில ஆண்டுகள் முன்னதாக அதற்கு உட்பட்டதன் விளைவே அது.

தரவுகளிலும் ஓட்டைகள் உண்டு. வேலையின்மைக் காப்பீட்டுக்காக மாநிலங்கள் திரட்டும் ஊதியப் பதிவுகளில் சுயதொழில் வருமானமும், கணக்கில் வராத கூலியும், எல்லை தாண்டி வேறு மாநிலத்தில் செய்யும் வேலையும் பதிவாவதில்லை. அவற்றை ஈடுகட்ட நேரடிக் கணக்கெடுப்பு வேண்டும். பின்னாளில் இறப்பு, கல்வி, மருத்துவப் பதிவுகளோடு இணைப்பதற்கான சம்மதத்தைச் சேர்க்கையின்போதே எழுத்தில் பெற்று, அடையாள விவரங்களைப் பாதுகாப்பாக வைத்திருப்பதற்கான செலவையும் முதல் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும்.