ரத்தம் ஏற்றினால் சரியாகிவிடுமா?

"ஹீமோகுளோபின் 7தான் இருக்கிறது டாக்டர், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிவிடுங்கள்." சிக்கில் செல் நோயுள்ள, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோயுள்ள பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் பலரும் கேட்பது இதுதான். உடல் போதிய ஹீமோகுளோபினை உருவாக்காத தலசீமியா மேஜர் என்ற பரம்பரை நோய் என்றால் இந்தக் கோரிக்கை முற்றிலும் நியாயம். அங்கே தொடர்ந்து ரத்தம் ஏற்றுவதே சிகிச்சை. சிக்கில் செல்லில் கணக்கு வேறு. ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எப்படி ஓடுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். அது கடக்கும் நுண்குழாய்களில் பல அதைவிடக் குறுகலானவை. நல்ல அணு நெளிந்து நுழைந்துவிடும். பரம்பரைக் கோள அணு நோயில் உருண்டுபோன அணுக்கள் மண்ணீரலின் இடுக்குகளில் சிக்கி அழிகின்றன. சிக்கில் செல்லிலோ, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு இழைகளாகி, அணுவையே விறைக்க வைக்கின்றன. குழாய்ச் சுவரிலும் அது ஒட்டிக்கொள்கிறது. ஓட்டம் நின்ற இடத்தில் எலும்பைக் குடையும் வலி. உடலில் நீர் வற்றினால் அணுவுக்குள் ஹீமோகுளோபின் செறிந்து, இழைகள் பல மடங்கு வேகமாக உருவாகும். 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று நாங்கள் சொல்வது உபசார வார்த்தை அல்ல.

சிவப்பணுக்கள் கூடக்கூட ரத்தத்தின் பாகுத்தன்மையும் ஏறும். சொன்னால் விசித்திரமாக இருக்கும்: இவர்களுக்குச் சோகையே ஓரளவு ஓட்டத்தைக் காப்பாற்றுகிறது. விறைத்த அணுக்கள் அப்படியே இருக்க, மேலும் மேலும் ஏற்றி ஹீமோகுளோபினை டெசிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் கொண்டுபோனால் ரத்தம் தடித்து, பக்கவாதம்கூட வரலாம். ஆகவே ஆபத்தான கட்டங்களில், நோயாளியின் ரத்தத்தை வெளியே எடுத்தபடியே தான ரத்தத்தைச் செலுத்தும் முறையை நாடுகிறோம். திடீரென ஹீமோகுளோபின் சரிந்தால் நேராக ஏற்றத்தான் வேண்டும். அதில் தயக்கம் கூடாது.

ஹீமோகுளோபினின் இயல்பு மாறிய வகைகளான எஸ் (சிக்கில் செல்லுக்குக் காரணமானது), சி இரண்டையும் பெற்றோரிடமிருந்து பெற்றவர்களை 'லேசான நோய்' என்று அனுப்பிவிடுவது எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம். அவர்களுடைய ஹீமோகுளோபின் இயல்பை ஒட்டி இருப்பது உண்மை. அதனாலேயே ரத்தம் தடிப்பாக ஓடுகிறது. விழித்திரை பாதிப்பு இவர்களிடம்தான் அதிகம். ஆண்டுதோறும் கண் பரிசோதனை அவசியம்.

சிக்கில் செல் சோகையுள்ள 2 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு மூளை ரத்தக்குழாய் டாப்ளர் பரிசோதனையும் ஆண்டுதோறும் வேண்டும். வலியில்லாத சோதனைதான். ரத்தத்தின் வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரை எட்டினால் பக்கவாத அபாயம் அதிகம். அப்போது, பிள்ளை ஓடியாடிக்கொண்டிருந்தாலும், தொடர்ந்து முறையாக ரத்தம் ஏற்றத் தொடங்குவோம்.