காலையில் கை ஏன் நடுங்குகிறது?

காலை ஆறு மணி டீக்கடையில் பார்த்திருப்பீர்கள். கிளாஸை ஒரு கையால் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து உறிஞ்சுவார் ஒருவர். 'ராத்திரி அடித்தது இன்னும் இறங்கவில்லை' என்று பக்கத்தில் சிரிப்பார்கள். விஷயம் நேர் எதிர். இறங்கிவிட்டதால்தான் அந்த நடுக்கம்.

ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம், எடையில் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை எரிக்கும். குடித்துப் பழகிய கல்லீரல் இன்னும் வேகம். ஆக, இரவு ஒன்பதுக்குப் போட்டது விடிவதற்குள் தீர்ந்துவிடும். டாஸ்மாக் திறக்கவோ மதியம் பன்னிரண்டு ஆகும்.

மூளைக்குள் எப்போதும் ஒரு கயிறு இழுக்கும் போட்டி நடக்கிறது. நரம்புகளை அடக்கும் அணி காபா. கிளப்பிவிடும் அணி குளுட்டமேட். இரண்டுமே மூளையில் சுரக்கும் ரசாயனங்கள். மது காபா பக்கம் சேர்ந்து இழுக்கும், குளுட்டமேட்டின் கையையும் கட்டும். தினமும் இப்படியே நடந்தால் மூளை சும்மா இருக்குமா? காபா அணியில் ஆளைக் குறைத்து, எதிரணியில் ஆளைக் கூட்டி, கயிற்றை நடுவில் நிறுத்தப் பார்க்கும். முன்பு ஒரு கட்டிங்கில் தள்ளாடியவர் இப்போது ஒரு குவாட்டர் போட்டும் நிதானமாக நடப்பது இதனால்தான். அதைத் திறமை என்று வேறு சொல்லிக்கொள்வார்கள்.

விடியற்காலையில் மது கயிற்றை விட்டுவிடுகிறது. எதிரணி மொத்த பலத்தோடு இழுக்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் சிலருக்குச் சித்தம் கலங்கும்.

எலும்பு முறிவு வார்டில் வேலை பார்க்கும் நர்ஸுகளுக்கு இது தெரிந்த கதை. கால் ஒடிந்து வந்தவர் இரண்டு நாள் ஒழுங்காகப் படுத்திருப்பார். மூன்றாம் நாள் இரவு போர்வையில் இல்லாத எறும்பைத் தட்டிவிடுவார், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார். வீட்டார் காத்து கருப்பு என்று விபூதி தேடுவார்கள். டாக்டர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா எப்ப குடிச்சார்?"

இது சாப்பாடு இல்லாத பலவீனம் என்று வெகுநாள் நம்பினார்கள். அமெரிக்காவில் ஹாரிஸ் இஸ்பெல் குழு 1955-இல் வெளியிட்ட ஆய்வில், பத்துப் பேருக்கு நல்ல உணவோடு மதுவும் கொடுத்து, பிறகு நிறுத்தினார்கள். சிலர் குடித்தது 87 நாள் வரை. அதிக நாள் குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பும் பிதற்றலும் வந்தன. சிறைக்கைதிகளை வைத்துச் செய்த அந்தச் சோதனைக்கு இன்று யாரும் அனுமதி தரமாட்டார்கள். ஆனாலும் காரணம் மதுவை நிறுத்தியதுதான் என்பது அதில் தெளிவானது.

நம் ஊரில் மாலை போட்ட அன்றே நிறுத்துகிறவர்கள் நிறைய. எப்போதாவது குடிப்பவருக்கு அதில் ஆபத்து இல்லை. வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடிப்பவர் என்றால், மாலை போடும் முன் மருத்துவமனைக்குப் போவது நல்லது. அங்கே டயஸிபாம் போன்ற மாத்திரை தருவார்கள். அதுவும் காபா அணிக்கே கைகொடுக்கும். ஆனால் டாக்டர் சில நாட்களில் அளவைக் குறைத்துக் குறைத்து, கயிற்றை மெல்ல விடச்செய்வார். பி1 வைட்டமின் ஊசியும் உண்டு. அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் பி1-உம் தீர்ந்து நினைவாற்றலே போகலாம்.

'போன தடவை வெறும் நடுக்கம்தான், நானே சமாளித்தேன்' என்பவரிடம் சொல்ல இன்னொன்று இருக்கிறது. குடித்து நிறுத்தி, மறுபடி குடித்து நிறுத்தும்போது, ஒவ்வொரு தடவையும் மூளை, காய்ந்த விறகு மாதிரி, இன்னும் சுலபமாகப் பற்றிக்கொள்கிறது. போன தடவை நடுக்கத்தோடு போனது, அடுத்த தடவை வலிப்பாக வரலாம்.