பொம்மைக்கு ஐஎஸ்ஐ கட்டாயம், சரி. அந்த ஐஎஸ் புத்தகத்தை எங்கே படிப்பது?

ஏற்காடு ஏரிக்கரையில் பொம்மைக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா போன தடவை பார்த்தபோது ஒரு பஞ்சுக் கரடியைக் கையில் எடுத்துக் காட்டிக் கேட்டார்: "ஐஎஸ்ஐ மார்க் இல்லாம விக்கக்கூடாதுங்கறாங்க. பொம்மை எப்படி இருக்கணும்னு எங்கடா எழுதியிருக்கு?"

நியாயமான கேள்வி. 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஐஎஸ்ஐ முத்திரையைக் கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கான (பிஐஎஸ்) 2016 சட்டத்தின் 16-ஆவது பிரிவின்கீழ் மத்திய அரசு போட்ட ஆணை அது. அரசிதழில் இருக்கிறது, காசில்லாமல் படிக்கலாம். ஆனால் ஆணையைத் திறந்தால் உள்ளே இருப்பது ஐஎஸ் 9873 என்பது போன்ற இந்தியத் தரநிலை (ஐஎஸ்) எண்கள்தான், அதாவது பொருள் எப்படி இருக்கணும் என்று பிஐஎஸ் எழுதிவைக்கும் விதிப் புத்தகங்களின் எண்கள். விஷயமெல்லாம் அந்த எண்ணுள்ள தனிப் புத்தகத்தில். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான கரடியின் கண் கழன்று வந்து, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுசாக அடங்கிவிட்டால் அந்தப் பொம்மை தேறாது, ஏனென்றால் குழந்தை அதை விழுங்கிவிடும். இது அந்தப் புத்தகத்தில் இருக்கும் விதி. 2016 சட்டத்தில் எழுதிய அபராதமோ முதல் தடவைக்கே குறைந்தது 2 லட்சம். இவ்வளவு கனமான விதியைக் காசு கொடுத்தால்தான் படிக்கலாம் என்றால் அது தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்படித்தான் பல வருஷம் இருந்தது. அமெரிக்காவின் கார்ல் மலமுட் நடத்தும் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பும் இங்குள்ள சிலரும் சேர்ந்து, இதை இலவசமாகப் படிக்க விடச் சொல்லி 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். இப்போது நிலைமை எவ்வளவோ பரவாயில்லை, பிஐஎஸ் தன் சொந்தத் தரநிலைகளை இணையத்தில் இலவசமாகவே கொடுக்கிறது. பிஐஎஸ் தளத்தில் "நோ யுவர் ஸ்டாண்டர்ட்ஸ்" பக்கத்துக்குப் போய் எண்ணையோ பொருளின் பெயரையோ போட்டுத் தேடுங்கள், கணக்கு தொடங்கி உள்ளே நுழைந்தால் பிடிஎஃப் இறங்கும். குடிதண்ணீருக்கு ஐஎஸ் 10500, கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456, நம்ம சேலம் செவ்வாய்பேட்டை வெள்ளிக்காரர்களுக்கு ஐஎஸ் 2112, எல்லாம் இப்படித்தான். எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்கும், வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் கூட உட்கார வையுங்கள். ஒன்று கவனம்: காப்புரிமை இன்னும் பிஐஎஸ் கையில்தான். சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்கலாம் என்று 11-ஆவது பிரிவே சொல்கிறது, அச்சடித்து விற்பதோ எல்லோருக்கும் பரப்புவதோ கூடாது.

சித்தப்பாவுக்கு இடிப்பது வேறு இடத்தில். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரநிலையை அப்படியே எடுத்து ஐஎஸ் எண் கொடுத்தவை பொதுவாக இந்த இலவசத்தில் வராது, பொம்மைக்கான ஐஎஸ் 9873-இன் முதல் பாகம் ஐஎஸ்ஓ 8124-இலிருந்து வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் 9-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்: அரசைத் தவிர மற்றவரின் காப்புரிமை மீறப்படும் என்றால் மனுவை நிராகரிக்கலாம். பிஐஎஸ்ஸின் சொந்தத் தரநிலைக்கு அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது, ஐஎஸ்ஓ என்றால் சொல்லலாம். ஐரோப்பாவின் பொம்மைத் தரநிலைகளுக்காக இதே பப்ளிக் ரிசோர்ஸ் போட்ட வழக்கில்தான் 2024 மார்ச் 5 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், சட்டத்தின் பகுதியாகிவிட்ட தரநிலையை மக்கள் பார்க்கப் பொதுநலன் இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அது இங்கே செல்லாது, ஆனாலும் நாமும் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

அதுவரை கடைக்காரர் செய்யக்கூடியது இது. சேலம் கடைவீதியில் சரக்கு எடுக்கும்போது ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் யாருக்குக் கொடுத்தது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும். கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு, அவரிடம் வாங்கினால் பதிவு அட்டையின் நகலைக் கேட்டு வாங்கி பில்லோடு சேர்த்து வையுங்கள். சித்தப்பாவின் கரடியில் முத்திரை இருந்தது, உரிம எண் இல்லை. அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.